கறுப்பு பேனர் யார் வீட்டில் இருக்கிறது?

முப்பத்தொரு வயதில் ஒருத்தி "நான் வேலையில் இருந்த காலத்தில்" என்று ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஏழு வருஷம் பகுதிநேர ஓவிய ஆசிரியராக இருந்தேன். வாரத்தில் மூன்று அரை நாள்தான் வேலை. மற்ற நாளும் போவேன், அது வேறு விஷயம். மேலே படிக்கலாம் என்று இந்த ஜூனில் வேலையை விட்டுவிட்டேன்.

என் இடத்துக்கு பிரியதர்ஷினி வந்திருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு தடவை போன் வரும். கழிவுப் பொருளை வைத்து இயற்கையில் இருக்கிற ஒன்றைச் சிற்பமாகச் செய்யும் போட்டி இப்போது எல்லாப் பள்ளிக்கும் வந்துவிட்டது. அதனால் அவளுக்கு ஆயிரம் சந்தேகம். "அக்கா, பாட்டில் மூடிய எதால ஒட்டுனா வெயிலுக்குத் தாங்கும்? கம்பி எவ்வளவு மொத்தம்?" உடனே பதில் சொல்லிவிடுவேன். போன வாரம் வேறொன்று கேட்டாள். "ஓவிய ரூம்ல உத்தரத்துல ஒரு பெரிய மீன் கூடு தொங்குது. நல்லா கட்டியிருக்கீங்க. அத ஏங்க்கா முடிக்காம விட்டீங்க?"

முடிக்காமல் விடவில்லை. முடித்துவிட்டுப் பிரித்தோம். போனில் சொல்ல வரவில்லை, எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் படித்தது கும்பகோணத்தில், ஓவியமும் சிற்பமும். நடுவில் ஒரு கோடை விடுமுறையில் சுவாமிமலையில் ஒரு வெண்கலச் சிலைப் பட்டறையில் மெழுகில் உரு பிடிக்கப் போனேன். இருபது நாளில் ஒரு விரல்கூட எனக்கு ஒழுங்காக வரவில்லை. அங்கே இருந்தவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "உங்களுக்கு கை நல்லா இருக்கும்மா. அவசரந்தான் அதவிட நல்லா இருக்கு." இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பள்ளியில் ஓவிய வகுப்புக்குத் தாள் கிடையாது, வண்ணம் கிடையாது. ஆனால் ஊரில் குப்பைக்குப் பஞ்சமில்லை. உரச்சாக்கு, கிழிந்த டிராக்டர் டியூப், அறுப்பு மிஷினிலிருந்து கழற்றிப் போட்ட ரப்பர் பட்டை, குடைக் கம்பி, சைக்கிள் ரிம். முதல் வருஷம் பாட்டில் மூடிகளால் ஒரு நண்டு செய்தோம். போட்டிக்கு லோடு ஆட்டோவில் போகும்போது வெயிலில் பசை இளகி, திருவாரூர் போய்ச் சேர்வதற்குள் நண்டுக்கு மூன்று கால்தான் மிச்சம். பிள்ளைகள் வழியெல்லாம் சிரித்தார்கள். அன்றிலிருந்து பசையை விட்டுவிட்டு ஊசி நூலுக்கு மாறினேன். எதையும் தைக்கவேண்டும், கட்டவேண்டும். ஒட்டக்கூடாது.

இரண்டாம் வருஷம் தவளை செய்யப் பச்சைப் பாட்டில் தேடினோம். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் வரப்போரமாகக் கிடந்த பூச்சிமருந்து பாட்டில்களை ஒரு சாக்கு நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து, பள்ளிக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நின்று, நிறம் எவ்வளவு அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை வராந்தாவில் வந்தவர் நின்றார். மோந்து பார்த்தார். குழாயை அடைத்தார். பையன்கள் இருவரையும் சோப்பு போட்டுக் கை கழுவ வைத்து, தன் ஸ்கூட்டியிலேயே ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் காட்டிவிட்டு வந்தார். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்து என்னைக் கேட்டது இவ்வளவுதான்: "எந்தப் பொருளையும் கத்தரிக்கோல் வைக்கிறதுக்கு முன்னாடி, அது இதுக்கு முன்ன எதுக்கு இருந்துச்சுன்னு கேப்பீங்களா, கேக்க மாட்டீங்களா?"

கேட்பேன் என்றேன்.

அவர் பெயர் ஜெய்புன்னிசா. எல்லோருக்கும் ஹெச்.எம். மேடம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. புகார் சொல்ல யார் வந்தாலும் தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, அவர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சிலேயே பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். தப்பு செய்த ஆசிரியர் எதிரில் நிற்கவேண்டும். உடனே மன்னிப்புக் கேட்க விடமாட்டார். "முதல்ல என்ன பண்ணுனீங்கன்னு சொல்லுங்க. ஆரம்பத்துலேருந்து. மன்னிப்பு அப்புறம்." பாதியில் எதையாவது தாண்டிப் போனால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். தாண்டிய இடத்துக்கு நாமே திரும்பி வந்துவிடுவோம்.

மூன்றாம் வருஷம் தேர்தல் முடிந்து பேனர்கள் மலை மாதிரி கிடைத்தன. மயில் செய்தோம். ஒரு தலைவரின் மூக்குக்கண்ணாடி அப்படியே மயில் தோகையில் வந்து உட்கார்ந்துவிட்டது. கேட்டில் நான்கு பேர் வந்து நின்றார்கள். மேடம் அவர்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, மயிலை அவர்கள் கண்ணெதிரிலேயே பிரிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு செய்முறை வகுத்தோம். வகுத்தது நான்தான், அவர் சரி என்றார். அதை விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

பேனர் எதுவாக இருந்தாலும் படம் தரையைப் பார்க்க, வெள்ளைப் பின்பக்கம் மேலே தெரிய விரிக்கவேண்டும். பரீட்சை அட்டையில் வெட்டிய அச்சை வைத்துப் பின்பக்கத்திலேயே பென்சிலால் வரையவேண்டும். ஒரு துண்டு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த அளவில் எழுத்தும் தெரியாது, கண்ணும் தெரியாது, கட்சியும் தெரியாது. வெட்டும்போதே ஒவ்வொரு துண்டின் முதுகிலும் வரிசையாக எண் போட்டுவிடவேண்டும். பேனரில் நிறம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக மாறும். எண் இருந்தால் அந்த மாற்றம் சிற்பத்திலும் குலையாமல் வரும். வெட்டி மிஞ்சின ஓரங்களைத் தூக்கிப் போடக்கூடாது. அதையெல்லாம் சிற்பத்தின் வயிற்றுக்குள் திணிக்கவேண்டும். ஒரு துணுக்குகூட வெளியே போகாது. இந்த முறையில் எனக்கு ரொம்பப் பெருமை. வெளியூர் ஆசிரியர்கள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

போன புரட்டாசிக்கு முன்னால் விரால் மீன் செய்ய முடிவெடுத்தோம். ஏழடி நீளம். மூங்கில் பிளாச்சும் குடைக் கம்பியும் வைத்துக் கூடு, மேலே உரச்சாக்கு, டியூபில் துடுப்பு, எல்லாம் பத்து நாளில் தயார். செதில்தான் சிக்கல். எங்களிடம் இருந்த பேனரெல்லாம் காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம், கட்சி. மஞ்சளும் சிவப்பும் ரோஸும். விராலுக்கு வேண்டியது முதுகில் நல்ல கறுப்பு, பக்கவாட்டில் சாம்பல், வயிற்றில் வெளிர்மஞ்சள்.

ஒன்பதாம் வகுப்பில் போய் நின்று கேட்டேன்.

"கறுப்பு பேனர் யார் வீட்டுல இருக்கு?"

வகுப்பு அமைதியாக இருந்தது. எனக்கு அவசரம். "ஒருத்தர் வீட்டுலகூடவா இல்ல? நல்லா யோசிங்க." கடைசி வரிசையிலிருந்து அபிநயா எழுந்தாள். "எங்க வீட்டுல இருக்கு மிஸ்." மறுநாள் ஒரு சுருளைக் கொண்டுவந்தாள். வெள்ளை வெளியே தெரியச் சுருட்டி, நைலான் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டியிருந்தது. ஓரத்தை மடித்துப் பார்த்தேன். என்ன ஒரு கறுப்பு. அதற்கு மேல் நான் விரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கறுப்பு பேனர் எந்த வீட்டில் இருக்கும்? சாவு விழுந்த வீட்டில்தான் இருக்கும். 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதி, போனவர் படம் போட்டு, முச்சந்தியில் கட்டுவது. இதைத் தெரியாதவர் பழைய தஞ்சாவூர் ஜில்லா முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார். எனக்கும் தெரியும். கேட்ட நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். வகுப்பு ஏன் அமைதியாக இருந்தது என்றும் யோசிக்கவில்லை.

ஐந்து பெண்கள் சேர்ந்து வெட்டினார்கள். வயிற்றுச் செதிலுக்கு வேண்டிய வெளிர் பகுதியை நான் வெட்டுகிறேன் என்று அபிநயா வாங்கிக்கொண்டு, தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். நல்ல கை அவளுக்கு. ஒரு துண்டுகூட அச்சைவிட்டு விலகவில்லை. வாலில் தொடங்கித் தலைவரை, ஓடு வேய்கிற மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகத் தைத்துக்கொண்டு வந்தோம். பன்னிரண்டு நாள் ஆனது. உத்தரத்தில் தூக்கிக் கட்டியபோது, காற்றுக்கு அது லேசாகத் திரும்பி எங்களைப் பார்த்தது. இந்தத் தடவை மாநிலப் போட்டிவரைக்கும் போகும் என்று மேடமே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை போட்டி. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் ஒரு அம்மாள் பள்ளிக்கு வந்தார். நடவிலிருந்து நேரே வந்திருக்கிறார், முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. மேடம் வழக்கம்போல் எழுந்து போய் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார்கள்.

"இவங்கதான் அபிநயாவோட அம்மா," என்றார் மேடம்.

"டீச்சர் கறுப்பு பேனர் கேட்டாங்க, குடுத்துட்டேன்னு சொல்லுது," என்றார் அந்த அம்மாள். "நாளைக்கு அமாவாச. படைக்கலாம்னு பரண்லேருந்து எடுக்கப் போனா, இல்ல. எம் புள்ள படத்த குடுங்க டீச்சர்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய மூத்த மகன் விக்னேஷ் துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போனவன். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கேயே சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான். ஏதேதோ தாமதத்தில் உடல் ஊருக்கு வரவில்லை, அங்கேயே புதைத்துவிட்டார்கள். ஊரில் கூட்டாளிகள் அச்சடித்துக் கட்டிய பேனர்தான் வீட்டுக்கு வந்தது. அதை வாசலில் சாய்த்து வைத்து, அதற்கு மாலை போட்டு, அதன் முன்னால் விழுந்து அழுதிருக்கிறார்கள். காரியமும் அதன் முன்னால்தான் நடந்தது. பிறகு அமாவாசைக்கு அமாவாசை பரணிலிருந்து இறக்கிச் சுவரில் கட்டி, அதற்குச் சோறு படைப்பார்.

எங்கள் குடும்பத்தில் செத்தவர்களுக்குக் குத்தாலத்தில் கல்லறை இருக்கிறது. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவோம். போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பதை அதுவரைக்கும் நான் ஒரு பெரிய விஷயமாக நினைத்ததில்லை.

"மன்னிச்சிடுங்க," என்று ஆரம்பித்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன பண்ணுனீங்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். குப்புற விரித்தது, அச்சு வைத்தது, இரண்டு விரல் அகலம், எண் போட்டது, தைத்தது. என் வாயிலிருந்து என் முறை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அந்த அம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மூஞ்சியுமா?"

"ஆமாங்க."

இந்த இடத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தையை விட்டுவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. "பேனர் கடைல ஃபைல் இருக்கும்ங்க. புதுசாவே அடிச்சுடலாம். இன்னும் பெருசா, தெளிவா, இன்னைக்கே அடிச்சுத் தரேன்," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது முன்னாடியா டீச்சர் நான் அழுதேன்?"

பிறகு மீனைக் காட்டச் சொன்னார். ஓவிய அறைக்கு அழைத்துப்போனோம். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். தொடவில்லை. "எந்தப் பக்கம் இருக்கான்?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அபிநயாவை வகுப்பிலிருந்து வரவழைத்தோம். அவள் வாசலிலேயே நின்றுகொண்டு, "வயித்துல," என்றாள்.

அந்த அம்மாள் அதற்குமேல் நிற்கவில்லை. மகளைத் தாண்டித்தான் போனார். நடவுக்குத் திரும்பிவிட்டார், ஆள் குறையக்கூடாது என்று.

மேடம் என்னிடம், "எண் போட்டிருக்கீங்கல்ல?" என்றார். "மிச்சமெல்லாம் உள்ளதான இருக்கு?"

"ஆமாம் மேடம்."

"நாளைக்கு லீவு. வெட்டுன புள்ளைங்கள வரச்சொல்லுங்க. போட்டிக்கு நம்ம பள்ளிலேருந்து எதுவும் வரலன்னு நான் எழுதிக் குடுத்துடுறேன்."

அன்று சாயங்காலம் அந்தப் பெண்களில் ஒருத்தியிடம் கேட்டேன். அது யார் படம் என்று தெரியுமா? தெரியும் என்றாள். எல்லோருக்குமே தெரிந்திருக்கிறது. "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றேன். "நீங்கதான மிஸ் கறுப்பு பேனர் வேணும்னு கேட்டீங்க. தெரிஞ்சுதான் கேக்குறீங்கன்னு நெனச்சோம்."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மீனை இறக்கினோம். தைத்தது பன்னிரண்டு நாள், பிரிக்க இரண்டு மணி நேரம் ஆனது. பிளேடால் நூலை மட்டும் அறுக்கவேண்டும், செதிலில் படக்கூடாது. மேடம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எங்களோடு பிரித்தார். வயிற்றைத் திறந்து திணித்ததை உதறினோம், துணுக்குகள் குவியலாக விழுந்தன. பிரார்த்தனைக் கூடத்தின் சிமெண்டுத் தரையில் ஒன்றிலிருந்து எண் பார்த்து அடுக்கினோம். இந்தத் தடவை படம் மேலே தெரிய. எண் கீழே போய்விடுமே, அதனால் ஒவ்வொன்றையும் எண்ணைப் படித்துவிட்டுத் திருப்பி வைக்கவேண்டும். "நாப்பத்தொண்ணு." "இங்க இருக்கு." அந்தச் சத்தம் மட்டும்தான்.

முதலில் 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்து வந்தது. பிறகு பெயர், பிறகு சட்டைக் காலர். கடைசியாக முகத்தை அபிநயா அடுக்கினாள், நாங்கள் விலகி நின்றோம். அவள் ஒரு துண்டின் எண்ணைக்கூடப் படிக்கவில்லை. எடுத்து எடுத்து அதனதன் இடத்தில் வைத்தாள். எந்தத் துண்டும் குறையவில்லை. ஆனால் ஊசி போன ஓட்டைகள் இருந்தன. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் தரை தெரிந்தது. அதற்குள்ளிருந்து இருபத்துமூன்று வயதுப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு மணிக்கு அவன் அம்மா வந்தார். குளித்துவிட்டு, தலை ஈரமாக. கூடத்தின் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, படத்தின் கால்மாட்டில் நின்றார். நான் டேப் சுருள்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"பின்னாடி டேப் போட்டு ஒட்டிடட்டுங்களா?" என்றேன்.

"வேணாம் டீச்சர். ஒட்டுனா ஒட்டுனதுதான் தெரியும்." படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "யாரு வெட்டுனது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அபிநயா சொன்னாள். "கறுப்பெல்லாம் எல்லாரும். மூஞ்சி நாந்தாம்மா."

"ஏன்டி?"

"டீச்சர் கேட்டாங்க."

"டீச்சர் கறுப்புதான் கேட்டாங்க."

அபிநயா தரையைப் பார்த்தாள். மேடம் மற்றப் பெண்களைக் கையைக் காட்டி வெளியே அனுப்பினார். நானும் போகத் திரும்பினேன். ஆனால் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். நடந்தால் சத்தம் கேட்கும் என்று நின்றுவிட்டேன்.

"அமாவாசைக்கு அமாவாச நீ அதுகிட்ட உக்காந்து பேசுற. சாப்புட்டியான்னு கேக்குற. சட்ட நல்லாருக்குடாங்குற. நான் அடுப்படிலயே நிக்கிறேன். எங்கிட்ட அண்ணன பத்தி ஒரு வார்த்த பேசுனியாம்மா? அவன் பேர நான் சொன்னா எந்திரிச்சுப் போயிடுற." மூக்கை உறிஞ்சினாள். "வேற யாரும் மூஞ்சில கத்தரி வைக்கக்கூடாதுன்னு நானே வெட்டுனேன். பாத்துதான் வெட்டுனேன். குப்புறப் போட்டு வெட்டல."

அவள் அம்மா அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மேடமும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும், ஓர் அடி முன்னால் வைத்தார். அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தார். முந்தானையை மடியில் விரித்தார்.

"எடுத்துக் குடு."

அபிநயா மண்டிபோட்டு ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். அம்மா அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு விரல் அகலத்தில் என்ன தெரியும்? ஒரு பழுப்பு நிறம், ஒரு கறுப்புக் கோடு.

"இது எதுடி?"

"நெத்திம்மா. பம்ப்செட்டுல இடிச்சிக்கிட்டானே, அந்தத் தழும்பு."

"ரெண்டு தையல் போட்டாங்க," என்றார் அம்மா, மடியில் போட்டுக்கொண்டார். "நீ அப்ப கைப்புள்ள. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணன் சொல்லியிருக்கான்."

"வேற என்ன சொன்னான்?"

அபிநயா அடுத்த துண்டை எடுத்தாள். மேடம் என் முழங்கையைத் தொட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் வெளியே வந்து, கூடத்தின் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினோம். உள்ளே அவர்கள் ஒவ்வொரு துண்டாக எடுத்து முடிக்க மூன்று மணி ஆனது.